அம்மாவின் எச்சிலும் ஒரு வி.ஐ.பி.யும்

என்னடா இவன், மூணு மாசமா ஆளையே காணோம், வந்ததும் வராததுமா எச்சிலைப் பத்திப் பேசறானேன்னு மூக்கைச் சுளிக்காதீங்க. நம்ம ஊர்ல எச்சிலுக்கு இருக்கிற மரியாதை எனக்கும் தெரியும். எச்சில் கை, எச்சில் இலை, எச்சில் பாத்திரம்னு எல்லாமே ஒதுக்கி வைக்கிற சமாச்சாரம். டம்ளரை உதட்டுல வெச்சுக் குடிச்சதுக்குப் பாட்டிகிட்ட வாங்கின திட்டு இன்னும் காதுல கேட்குது. ஒருத்தனைக் கஞ்சன்னு சொல்லணும்னாக்கூட எச்சில் கையால காக்கா ஓட்டமாட்டான்னு அங்கேயும் எச்சிலைத்தான் இழுப்போம். ஆனா அந்த எச்சில் ஊறாமப் போனா என்ன ஆகும்னு யாரும் யோசிக்கிறது கிடையாது. எங்க வீட்ல யோசிக்க வேண்டி வந்துச்சு.

பொங்கலுக்கு மணிநகர் பக்கம் நம்ம ஆளுங்க சில குடும்பங்கள் கூடினப்போ பேச்சுவாக்குல இதைச் சொன்னேன். அடுத்த ஒரு வாரத்துல மூணு வீட்லேருந்து போன். "எங்க மாமியாரும் இதேதான் சொல்றாங்க", "எங்கப்பா சாப்பாடு இறங்கலைன்னு தட்டைத் தள்ளிடறார்", இப்படி. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்றதுக்குப் பதிலா ஒரு பதிவா எழுதிட்டா ஊர்ல இருக்கிற மத்தவங்களுக்கும் பயன்படுமேன்னுதான் இது. கொஞ்சம் நீளம். நடுவுல அறிவியல் வரும், பயப்படாதீங்க, முடிஞ்ச அளவு சமையல்கட்டு பாஷையிலயே சொல்றேன்.

புதுசா வர்றவங்களுக்கு: நான் அகமதாபாத்துல ஒரு மருந்துக் கம்பெனியில மருந்துப் பாதுகாப்புப் பிரிவுல வேலை பார்க்கறேன். மருந்து சாப்பிட்டவங்களுக்கு வந்த தொந்தரவுகளைப் பத்தின அறிக்கைகளைப் படிச்சு, வகை பிரிச்சு, பதிவு பண்றதுதான் பொழைப்பு. 'வாய் உலர்தல்'ங்கிறது எங்க பிரிவுல ரொம்பச் சாதாரணமான வார்த்தை. உயிருக்கு ஆபத்துன்னு சிவப்புக் கோடு போடற ரகம் இல்லை. அடுத்த ஃபைலுக்குப் போயிட்டே இருப்போம்.

ஊர் ஒத்துக்கலை?

அம்மாவுக்கு 72 வயசு. மன்னார்குடி பக்கம் கிராமம். அப்பா தவறினதுக்கப்புறம் ரெண்டு வருஷம் தனியா இருந்தாங்க. 2023 ஜனவரியில நவஜீவன் எக்ஸ்பிரஸ்ல ஒன்றரை நாள் உட்கார வெச்சு இங்கே கூட்டிட்டு வந்தேன். முதல் மாசம் நல்லாத்தான் இருந்தாங்க. கீழ் வீட்டு குஜராத்தி அம்மாகூட, ரெண்டு பேருக்கும் பொதுவான பாஷை ஒண்ணுமே இல்லாம, மணிக்கணக்கா பேசுவாங்க.

மார்ச் வாக்குல ஆரம்பிச்சது. "நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக்குதுடா தம்பி"ன்னாங்க. சோறு உருண்டையா தொண்டையில நிக்குதுன்னு ஒவ்வொரு வாய்க்கும் ஒரு மடக்குத் தண்ணி. காக்ரா மாதிரி வறண்ட ஐட்டம் எதையும் தொடறதே இல்லை. உப்பு, உறைப்பு எதுவும் நாக்குல சரியா தெரியலைன்னு குழம்புல உப்பைக் கொட்டிக்கிட்டாங்க. ராத்திரி நாலு தடவை எழுந்து தண்ணி. வாயில இருக்கிற கொஞ்ச எச்சிலும் "பசை மாதிரி நூல் நூலா இழுக்குது"ன்னாங்க. மே மாசம் எடை பார்த்தா 4 கிலோ இறங்கியிருந்தது.

இதுக்கு எங்க வீட்ல ஆளாளுக்கு ஒரு விளக்கம் இருந்துச்சு. அடுக்கடுக்கா 43 டிகிரி வெயில் அடிக்கிற ஊரு, அதான்னு நான் இல்லாத நேரத்துல பக்கத்து வீட்டுக்காரங்க சொன்னாங்களாம். "அங்க தண்ணி அம்மாவுக்கு ஒத்துக்கலை. பேசாம கொண்டுவந்து விட்டுடு"ன்னு அண்ணன் போன்ல சொன்னார். "அத்தைக்கு என் சமையல் பிடிக்கலைபோல, சொல்ல மனசு வரலை"ன்னு என் மனைவி. அம்மாவோ, "எனக்கு வயசாயிடுச்சு, அவ்வளவுதான். உங்கப்பா கூப்பிடறார்"ன்னு ஒரே போடா போட்டுட்டாங்க. கவனிச்சுப் பாருங்க, ஒவ்வொரு விளக்கமும் யாராவது ஒருத்தர் மனசைக் குத்தற மாதிரி இருக்கு. ஊரை விட்டு வந்து குடும்பம் நடத்தறவங்க வீட்ல பெரியவங்களுக்கு என்ன உடம்புக்கு வந்தாலும் அது கடைசியில 'ஏன் கூட்டிட்டு வந்தே'ங்கிற கேள்வியில போய்த்தான் நிக்கும். உங்களுக்கும் இது தெரியாம இருக்காது.

ஜூன் மாசத்துக்கு மன்னார்குடிக்கு டிக்கெட் போடறதா வேண்டாமான்னு பேசிட்டு இருந்தப்பதான் அம்மாவோட பல் செட்டு லூசாகி ஆட ஆரம்பிச்சது. அதைச் சரி பண்ணிட்டு அனுப்பலாம்னு பல் டாக்டர்கிட்ட போனோம். சின்ன வயசுப் பெண். "பா, வாயைத் திறங்க"ன்னாங்க. (இந்த ஊர்ல வயசான அம்மாக்களை 'பா'ன்னு கூப்பிடுவாங்க. அம்மாவுக்கு அது 'வாப்பா போப்பா'வுல வர்ற 'பா' மாதிரி கேட்கும், சிரிப்பு வந்துடும்.) பல் பார்க்கிற அந்தக் குட்டிக் கண்ணாடியை உள்கன்னத்துல வெச்சு எடுத்தாங்க. அது வழுக்கிட்டு வரணும். வரலை, ஒட்டிக்கிச்சு. அவங்க பல் செட்டை ஓரமா வெச்சுட்டு, ஒரு சின்ன அளவுக் குப்பியைக் குடுத்து, "5 நிமிஷம் எதையும் மெல்லாம, வாயில சேர்றதை மட்டும் இதுல துப்புங்க"ன்னாங்க. அரை மில்லிகூடத் தேறலை. சும்மா இருக்கும்போது நிமிஷத்துக்கு 0.3 மில்லி அளவுல ஊறுறது சாதாரணம், 0.1க்குக் கீழே போனா அது குறைபாடுன்னு சொன்னாங்க. அடுத்த கேள்வி: "பா என்னென்ன மாத்திரை சாப்பிடறாங்க?"

மூணு மாத்திரை சிக்கிச்சு. கால் எரிச்சலுக்கு ஊர் டாக்டர் எழுதின அமிட்ரிப்டிலின், ராத்திரி ஒண்ணு. அடிக்கடி ஒண்ணுக்குப் போகுதுன்னு இங்கே ஒரு டாக்டர் எழுதின ஆக்சிபியூட்டினின், ரெண்டு வேளை. மூக்கு ஒழுகுதுன்னு மருந்துக்கடையில வாங்கிப் பழக்கமாயிட்ட குளோர்ஃபெனிரமின். தனித்தனியா பார்த்தா மூணுமே வழக்கமா குடுக்கிற மருந்துதான். மூணும் ஒரே வாசலைப் போய் அடைக்குதுங்கிறதுதான் விஷயம். அது என்ன வாசல்னு சொல்றதுக்குத்தான் இனிமே வர்ற அறிவியல்.

தண்ணிக்கு ஒரு சாவி, சரக்குக்கு ஒரு சாவி

நம்ம வாய்க்கு எச்சில் அனுப்ப மூணு ஜோடி பெரிய சுரப்பிங்க இருக்கு. காதுக்கு முன்னாடி கன்னத்துல ஒண்ணு, கீழ்த்தாடைக்கு அடியில ஒண்ணு, நாக்குக்கு அடியில ஒண்ணு. இது தவிர உதடு, கன்னம், அண்ணம்னு நூத்துக்கணக்குல பொடிசுகள். எல்லாம் சேர்ந்து ஒரு நாளைக்கு அரை லிட்டர்லேருந்து ஒன்றரை லிட்டர் வரைக்கும் சுரக்குது. தூங்கும்போது கிட்டத்தட்ட நின்னுடும். அதனாலதான் ராத்திரி பல் விளக்கிட்டுப் படுங்கன்னு சொல்றது.

அதுல 99 சதவீதத்துக்கு மேல தண்ணிதான். மீதியிருக்கிற துளியூண்டுலதான் விசேஷமே. மாவுச்சத்தை உடைக்கிற அமைலேஸ் அதுல இருக்கு. சோத்தை வழுவழுன்னு உருட்டித் தொண்டைக்குள்ள தள்ற மியூசின்கள் இருக்கு. கிருமியைத் தாக்குற லைசோசைம், லாக்டோஃபெரின், பூஞ்சையை அடக்குற ஹிஸ்டாட்டின், பல்லோட சுண்ணாம்பு கரையாம காக்குற ஸ்டாதெரின், இப்படிப் பெரிய பட்டியல். எல்லாமே புரதங்கள். கச்சல் வாழைக்காயோ பாக்கோ கடிச்சா வாய் துவர்க்குதே, அதுகூட எச்சில்ல இருக்கிற புரோலின் நிறைஞ்ச புரதங்கள் துவர்ப்புச் சத்தோட ஒட்டிப் படிஞ்சு, வாயோட வழவழப்பு போயிடறதுனாலதான்.

சுரப்பியை உள்ளே போய்ப் பார்த்தா திராட்சைக் கொத்து மாதிரி இருக்கும். ஒவ்வொரு திராட்சையும் ஒரு சின்ன செல் கூட்டம். செல்லுக்குள்ள புரதத்தை முன்கூட்டியே தயார் பண்ணி, சின்னச் சின்னப் பையில கட்டி அடுக்கி வெச்சிருக்கும். தீபாவளிக்கு முன்னாடி பலகாரம் சுட்டு டின்ல அடைச்சு வெச்சிருக்கிற மாதிரி. எடுத்துக் குடுன்னு ஆர்டர் வந்தாதான் பை வாசலுக்கு வந்து வாயைத் திறக்கும்.

ஆர்டர் குடுக்கிறது நரம்பு. ரெண்டு வகை நரம்பு வருது. பள்ளிக்கூடப் புத்தகத்துல படிச்ச பரிவு நரம்பும் எதிர்ப்பரிவு நரம்பும்தான். இதயத்துல இந்த ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு எதிர்க்கட்சி. ஒண்ணு வேகப்படுத்தும், இன்னொண்ணு பிரேக் போடும். ஆனா எச்சில் சுரப்பியில ரெண்டும் கூட்டணி. வேலையைப் பங்கு போட்டுக்கிட்டிருக்கு.

எதிர்ப்பரிவு நரம்பு, மூளைத்தண்டுலேருந்து முகத்துக்கு வர்ற நரம்புகள் வழியா வருது. அது அசிட்டைல்கோலின்ங்கிற ரசாயனத்தை விடும். செல் மேல இருக்கிற எம்3ங்கிற ஏற்பியில போய் அது உட்கார்ந்ததும் செல்லுக்குள்ள கால்சியம் ஏறும். கால்சியம் ஏறினா குளோரைடு போற கதவு திறக்கும். குளோரைடு பின்னாடியே சோடியம், சோடியம் பின்னாடியே தண்ணி. உப்பு போட்ட வெள்ளரிக்காய் தண்ணி விடற மாதிரின்னு வெச்சுக்கங்களேன். ஆக, இது தண்ணிச் சாவி.

பரிவு நரம்பு முதுகுத்தண்டோட மேல்பகுதியிலேருந்து கழுத்து வழியா வருது. அது விடறது நார்அட்ரினலின். அது பீட்டா ஏற்பியில உட்கார்ந்ததும் செல்லுக்குள்ள சைக்ளிக் ஏ.எம்.பி.ங்கிற தூதுவன் கிளம்புவான். அவன் போய்ச் சொன்னாதான் அடுக்கி வெச்ச புரதப் பைகள் வாசலுக்கு வந்து திறக்கும். இது சரக்குச் சாவி. இந்தச் சாவியை மட்டும் திருப்பினா எச்சில் கொஞ்சமா, கெட்டியா வரும். ரெண்டையும் சேர்த்துத் திருப்பினா, ஒண்ணும் ஒண்ணும் ரெண்டுக்கும் மேலேயே சரக்கு வரும். கால்சியமும் சைக்ளிக் ஏ.எம்.பி.யும் ஒண்ணையொண்ணு தூக்கிவிடும்.

150 வருஷ விடுகதை

இது எல்லாம் ஒரே நாள்ல தெரிஞ்சது இல்லை. 1850 வாக்குல ஜெர்மன் விஞ்ஞானி கார்ல் லுட்விக் ஒரு பரிசோதனை பண்ணார். நரம்பைத் தூண்டினா கீழ்த்தாடைச் சுரப்பியிலேருந்து எச்சில் வருது. சரி, ரத்தம்தான் வடிகட்டி எச்சிலா வருதுபோலன்னு நினைக்கலாம். ஆனா எச்சில் குழாயில இருந்த அழுத்தம், சுரப்பிக்கு வர்ற ரத்தத்தோட அழுத்தத்தைவிட அதிகமா போச்சு. வடிகட்டுறதா இருந்தா அது நடக்காதே. மேட்டுலேருந்து பள்ளத்துக்குத்தானே தண்ணி ஓடும்! அப்போ செல்லே வேலை செஞ்சு தள்ளுது, நரம்பு அதுக்கு உத்தரவு போடுதுங்கிறது தெளிவாச்சு.

1872ல ஹைடன்ஹைன் இன்னொண்ணைக் கண்டுபிடிச்சார். அட்ரோபின்னு ஒரு மருந்து. நம்ம ஊர் ஊமத்தங்காயில இருக்கிற விஷச் சரக்குங்களும் இதுவும் ஒரே குடும்பம். அதைக் குடுத்துட்டு நரம்பைத் தூண்டினா எச்சில் சுத்தமா நின்னுடுச்சு. ஆனா சுரப்பிக்குப் போற ரத்தம் மட்டும் பழையபடி பெருகிட்டே இருந்துச்சு! அசிட்டைல்கோலின் வாசலை அடைச்சாச்சு, அப்புறமும் ரத்தக்குழாயை விரிக்கச் சொல்றது யாரு? நூறு வருஷத்துக்கு மேல இதுக்குச் சரியான பதில் இல்லை. (பாவ்லோவைத் தெரியுமில்லையா, நாயும் எச்சிலும்? அவர் லுட்விக், ஹைடன்ஹைன் ரெண்டு பேரோட ஆய்வுக்கூடத்துலயும் வேலை பார்த்தவர். 1904ல அவருக்கு நோபல் கிடைச்சது ஜீரண ஆராய்ச்சிக்கு.)

பதில் வந்த வழி சுவாரஸ்யமானது. 1970ல சமி சையத், விக்டர் முட் ரெண்டு பேரும் பன்றிக் குடல்லேருந்து ஒரு பெப்டைடைப் பிரிச்செடுத்தாங்க. பெப்டைடுன்னா குட்டிப் புரதம், சில அமினோ அமிலங்கள் கோத்த சின்ன மாலை. இந்த மாலையில 28 மணி. ரத்தக்குழாயை நல்லா விரிக்குதுங்கிறதால அதுக்கு வைச்ச நீளமான ஆங்கிலப் பேரைச் சுருக்கினா வி.ஐ.பி.ன்னு வருது. நிஜமாத்தாங்க! குடலுக்கு மட்டும்தான் சொந்தம்னு நினைச்ச அந்த வி.ஐ.பி., 1980 வாக்குல ஸ்வீடன்ல லுண்ட்பெர்க், ஹோக்ஃபெல்ட் முதலானவங்க பூனையோட எச்சில் சுரப்பியைப் பார்த்தப்போ, அசிட்டைல்கோலின் விடற அதே நரம்புக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார். ஒரு நரம்புக்கு ஒரு ரசாயனம்தான்னு ரொம்ப நாளா இருந்த நினைப்பு அங்கே ஆட்டம் கண்டுச்சு.

நரம்பு மெதுவா துடிச்சா அசிட்டைல்கோலின் வரும். வேகமா துடிச்சாதான் வி.ஐ.பி. பங்களாவை விட்டு வெளியே வருவார் :). வந்தா ரெண்டு வேலை பண்ணுவார். ரத்தக்குழாயை விரிப்பார், அதுதான் ஹைடன்ஹைன் பார்த்த புதிர். இன்னொண்ணு, செல்லுக்குள்ள சைக்ளிக் ஏ.எம்.பி.யைக் கிளப்பி, பரிவு நரம்பு மாதிரியே சரக்குப் பையைத் திறந்துவிடுவார்.

இன்னொரு பெப்டைடு கதையும் இருக்கு. அமெரிக்காவுல சூசன் லீமன்ங்கிற அம்மா 1960கள்ல மாட்டோட மூளைப் பகுதியிலேருந்து முற்றிலும் வேற ஒரு ஹார்மோனைத் தேடிக்கிட்டிருந்தாங்க. எடுத்த சாற்றை எலிக்கு ஊசி போட்டா, எலி எச்சிலா ஒழுக்குது! தேடினது கிடைக்கலைன்னு தூக்கிப் போடாம, எச்சில் வர வைக்கிறது எதுன்னு துரத்தினாங்க. 1970ல சாங் என்கிறவரோட சேர்ந்து அதைத் தனியா பிரிச்சாங்க. பார்த்தா, 1931ல ஃபான் ஆய்லரும் கேடமும் கண்டுபிடிச்சுட்டு, என்ன பொருள்னு முழுசா தெரியாமலே 'சப்ஸ்டன்ஸ் பி'ன்னு பேர் வெச்சிருந்த அதே சரக்கு. 11 அமினோ அமிலம். நாப்பது வருஷ மர்மத்தை எலியோட எச்சில் வந்து உடைச்சது.

இதுக்கப்புறம் ஸ்வீடன்லயே யோர்கன் எக்ஸ்ட்ரோம் குழுவினர் எலிகள்ல இன்னும் நுணுக்கமா பார்த்தாங்க. அசிட்டைல்கோலின் வாசலையும் நார்அட்ரினலின் வாசலையும் மருந்து குடுத்து அடைச்சுட்டு எதிர்ப்பரிவு நரம்பைத் தூண்டினா, அப்பவும் கொஞ்சம் எச்சில் வருது, அதுல புரதம் நிறைய இருக்கு. பெப்டைடுகள் தனியாவே சரக்கு இறக்குதுன்னு அர்த்தம். விலங்குக்கு விலங்கு இந்தப் பங்கு மாறும். எலியோட அளவை அப்படியே மனுஷனுக்குப் பொருத்த முடியாது. ஆனா மனுஷ சுரப்பியிலேயும் வி.ஐ.பி. நரம்புகள் இருக்கு.

மூணு மாத்திரை, ஒரே வாசல்

இப்போ அம்மாகிட்ட வருவோம். அமிட்ரிப்டிலின், ஆக்சிபியூட்டினின், குளோர்ஃபெனிரமின், மூணும் வேற வேற வியாதிக்கு. ஆனா மூணுக்கும் கூடவோ குறைச்சலாவோ அட்ரோபின் குணம் உண்டு. அசிட்டைல்கோலின் உட்கார வேண்டிய ஏற்பியில இதுங்க துண்டைப் போட்டு இடம் பிடிச்சுக்கும். ஆக்சிபியூட்டினின் வேலையே அதுதான். சிறுநீர்ப்பையிலயும் எம்3தான் இருக்கு, அதை அடைச்சாதான் அடிக்கடி போறது குறையும். ஆனா மருந்துக்கு அது பையா, வாயான்னு தெரியாது.

இதுல தண்ணிச் சாவி மட்டும்தான் பூட்டிக்குது. பீட்டா ஏற்பியையோ வி.ஐ.பி.யையோ இந்த மாத்திரைங்க தொடறதில்லை. தண்ணி குறைஞ்சு சரக்கு மட்டும் வந்தா எச்சில் எப்படி இருக்கும்? பசை மாதிரி, நூல் நூலா! அம்மா சொன்ன அதே வார்த்தை. சர்க்கரை நோயும் வயசும் கொஞ்சம் கூட்டியிருக்கும்னு டாக்டர் சொன்னாங்க. ஆனா முக்கியக் குத்தவாளி இந்தக் கூட்டுத்தான்.

மத்த எல்லாத்துக்கும் கணக்கு நேராச்சு. ருசி தெரியலையா? உப்போ புளிப்போ எச்சில்ல கரைஞ்சாதான் நாக்கோட சுவை மொட்டுக்குப் போய்ச் சேரும். மருமகளோட சாம்பார் மேல குத்தமே இல்லை. பல் செட்டு ஆடுதா? அண்ணத்துக்கும் செட்டுக்கும் நடுவுல பசையா இருந்து பிடிச்சு வைக்கிறது எச்சில்தான். கொடுமை என்னன்னா, வாய் வறண்டதால அம்மா ராத்திரியெல்லாம் தண்ணி குடிச்சாங்க, அதனால இன்னும் அடிக்கடி ஒண்ணுக்குப் போனாங்க. அதுக்குத்தான் மாத்திரை, அந்த மாத்திரையாலதான் வறட்சி. செக்குமாடு மாதிரி ஒரே சுத்து.

பல் டாக்டர் ஒரு சீட்டு எழுதிக் குடுத்தாங்க. அதோட இன்னொரு பெரிய டாக்டரைப் பார்த்தோம். எதையும் திடீர்னு நிறுத்தலை. மூக்குக்குச் சாப்பிட்ட மாத்திரையை முதல்ல நிறுத்தினார். சிறுநீருக்கு, வேற ஏற்பி வழியா வேலை செய்யற மிராபெக்ரான் குடுத்து, அதனால ரத்த அழுத்தம் ஏறுதான்னு பார்த்துக்கிட்டார். கால் எரிச்சல் மாத்திரையை வாரவாரம் குறைச்சு வேற ஒண்ணுக்கு மாத்தினார். 6 வாரம் கழிச்சு அதே பல் டாக்டர்கிட்ட அதே குப்பி. 5 நிமிஷத்துல ஒண்ணேகால் மில்லி. "பா, வெரி குட்"ன்னு அந்தப் பொண்ணு கை தட்டினாங்க. எச்சில் துப்பினதுக்குக் கை தட்டு வாங்கினது இந்த வயசுலதான்னு அம்மா ரொம்ப நாள் சொல்லிட்டிருந்தாங்க.

பயம், பாக்கு, இன்னும் சில

பயந்தா ஏன் வாய் காயுதுன்னு மணிநகர்ல ஒரு நண்பர் கேட்டார். பரிவு நரம்பு சுரப்பியை நிறுத்திடுதுன்னு பலர் நினைக்கிறாங்க. அப்படி இல்லை. பரிவு நரம்புக்கு நிறுத்தற வேலையே கிடையாது. மூளையோட மேல்பகுதி, எச்சில் உத்தரவு போடற மூளைத்தண்டு நிலையத்தை அடக்கிடும். அதனால தண்ணிச் சாவி திரும்பறதே இல்லை. நம்ம நாட்டுப் பழைய தர்மசாஸ்திரங்கள்ல தண்டுலம்னு ஒரு சோதனை உண்டு. திருட்டுச் சந்தேகம் இருக்கிறவன் அரிசியை மென்னு துப்பணும், துப்பினதைப் பார்த்துத் தீர்ப்பு. பயந்தவனுக்கு வாய் காயும்ங்கிறது உண்மைதான். ஆனா திருடாதவனும் பயப்படுவானே, அவன் கதி?

அடுத்தது பாக்கு. "ஒரு வெட்டுப் பாக்கு குடுடா, வாய் ஊறும்"னு அம்மா அப்போ கேட்டுட்டே இருந்தாங்க. ஊறும்ங்கிறது உண்மை. பாக்குல இருக்கிற அரிக்கோலின், அசிட்டைல்கோலின் மாதிரியே ஏற்பியில போய் உட்காரும். ஆனா பாக்கு புற்றுநோயை உண்டாக்கும்னு உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004லேயே உறுதியா சொல்லிடுச்சு. இந்த ஊர்ல மாவா போட்டு வாய் திறக்க முடியாம போனவங்களைப் பார்த்திருப்பீங்க. அதனால பாக்கு வேண்டாம். பதிலா இந்த ஊர் பழக்கத்துல ஒண்ணை எடுத்துக்கிட்டோம். சாப்பிட்டு முடிச்சதும் சர்க்கரை பூசாத சோம்பு, இங்கே வரியாலி. மெல்ல மெல்ல சுரக்கும். அது சும்மா பாட்டி வைத்தியம் இல்லை. மெல்லும்போது பல்லைச் சுத்தியிருக்கிற உணர்வு நரம்புகள் நேரா எச்சில் நிலையத்துக்குத் தகவல் அனுப்புது. எலிக்கு மெல்லவே தேவையில்லாத நீர் ஆகாரமா குடுத்துட்டே இருந்தா கன்னச் சுரப்பியே சுருங்கிப் போகுதுன்னு 1960கள்லேயே பார்த்திருக்காங்க. பாவம்னு பெரியவங்களுக்கு எல்லாத்தையும் குழைச்சு, அரைச்சுக் குடுக்கறதுக்கு முன்னாடி இதைக் கொஞ்சம் யோசிங்க.

உங்க வீட்டுப் பெரியவங்க வாய் காயுதுன்னு சொன்னா, நான் சொல்ல வர்றது இவ்வளவுதான்:

1. எல்லா மாத்திரையையும் ஒரே பையில போட்டு டாக்டர்கிட்ட எடுத்துட்டுப் போங்க. ஊர் டாக்டர் குடுத்தது, இங்கே குடுத்தது, கடையில நீங்களே வாங்கினது, எல்லாம். ரெண்டு ஊர்ல வைத்தியம் பார்க்கிற குடும்பங்கள்ல முழுப் பட்டியலும் எந்த ஒரு டாக்டர் கண்ணுலயும் பட்டிருக்காது.

2. நீங்களா எந்த மாத்திரையையும் நிறுத்தாதீங்க. சிலதைப் படிப்படியாதான் குறைக்கணும்.

3. கண்ணும் சேர்ந்து உறுத்தி வறண்டா, மூட்டு வலியும் இருந்தா, அதைத் தனியா சொல்லுங்க. உடம்போட எதிர்ப்பு சக்தியே சுரப்பியைத் தாக்குற வியாதி ஒண்ணு உண்டு. தலை, கழுத்துப் பகுதியில கதிர்வீச்சு சிகிச்சை எடுத்தவங்களுக்கும் சுரப்பி செல்லே அழிஞ்சிருக்கும், அவங்க வைத்தியம் வேற.

4. எலுமிச்சை மிட்டாய் சப்பறது உடனே சுகமா இருக்கும். ஆனா எச்சில் இல்லாத வாயில புளிப்பும் சர்க்கரையும் பல்லை அரிச்சுடும். சொத்தை ரொம்ப வேகமா வரும்.

5. பைலோகார்பின்னு எச்சில் சுரக்க வைக்கிற மாத்திரை இருக்கு. ஆஸ்துமா, சில வகைக் கண் அழுத்தம் இருந்தா ஆகாது. டாக்டர் சொல்லாம வேண்டாம்.

அம்மாவுக்கு இழந்த 4 கிலோவுல 3 கிலோ திரும்ப வந்துடுச்சு. ஜூன்ல மன்னார்குடிக்குப் போனாங்க, ஆனா வேற காரணத்துக்கு, அண்ணன் பேத்தி காதுகுத்துக்கு. ஆடியில திரும்பி வந்துட்டாங்க, கைமுறுக்கு ஒரு டின்னோட. உடம்புக்கு வந்ததை ஊருக்கு வந்ததோட முடிச்சுப் போடாம, தனித்தனியா பார்த்தா பல வீட்ல பல சண்டை குறையும்னு தோணுது. ஊர் ஏக்கம் இருக்கு, இல்லைன்னு சொல்லலை. அதுக்கு ஒண்ணேகால் மில்லி அளவுக் குப்பி கிடையாது. ஆனா வாய் காயறதுக்குக் குப்பி இருக்கு, முதல்ல அதைப் பார்த்துடுங்க.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை, மருந்து அறிக்கை படிக்கிறவன். இதைப் படிச்சுட்டு மாத்திரையைத் தூக்கி ஜன்னலுக்கு வெளியே வீசினா கம்பெனி பொறுப்பல்ல :)